புளியங்கொட்டை அளவு

வண்டி பத்து நாப்பதுக்கு. இப்ப ஒம்போது அம்பது. அம்பது நிமிசம் முன்னாலயே வந்து இருகூர் ஸ்டேசன்ல உக்காந்திருக்கறேன், வண்டிய நான்தான் ஓட்டிட்டுப் போகோணுங்கற மாதிரி. புரட்டாசி வெயிலு சிமெண்டுப் பெஞ்ச இப்பவே தோசக்கல்லு ஆக்கிருச்சு. மூணு பெஞ்சு மாறி உக்காந்து பாத்துட்டு இதுதான் சரின்னு முடிவு பண்ணிருக்கறேன். இங்க உக்காந்தா வண்டி நிக்கற எடம் பூராத் தெரியுது, வெளிய போற வழியும் தெரியுது, எறங்கறவங்க யாரா இருந்தாலும் என்னத் தாண்டித்தான் போகோணும். தாண்டிப் போனா என்ன, போனது யாருன்னு தெரியோணுமே. அத மட்டும்தான் விட்டுப்போட்டேன். மத்ததெல்லாம் பக்காவான ஏற்பாடு. அக்கட்ட தண்ணிக் கொழாய்கிட்ட ஒரு பெஞ்சு, அதுல கத்திரிப்பூக் கலர் சேலையில ஒரு பொம்பள, மடியில ஒரு பையி. நான் வரப்பவே இருந்தா. பாத்தேன், அவளும் பாத்தா, முழங்கைல மயிரு லேசா எந்திரிச்சுது, திரும்பிட்டேன். யாரப் பாத்தாலும் இப்ப ஒரு பயம், தெரிஞ்சவங்களா இருந்து தொலச்சுட்டா என்ன பண்றதுன்னு. மூச்ச இழுத்து விடு நஞ்சப்பா. அத நான் சொல்லவே வேண்டியதில்ல, அது பாட்டுக்கு நடக்கும், முகுளம் பாத்துக்கும். மூச்சு, இதயத்துடிப்பு, விழுங்குதல். பகல் சிப்டு முடிச்சு, தலையில ஒட்டுன பஞ்சோட ராத்திரிப் பள்ளிக்கூடத்துல போயி உக்காந்து, பத்தாவது அறிவியல்ல மூளைப் படம் வரஞ்சு பாகம் குறிச்சு அஞ்சுக்கு அஞ்சு வாங்குனவன் நானு. பெருமூளை, யோசிக்க, ஞாபகம் வெக்க. சிறுமூளை, கீழ விழாம நடக்க. முகுளம், சாகாம இருக்க. மூஞ்சியப் பாத்து ஆளக் கண்டுபுடிக்கறது எந்தப் பாகம்னு அந்தப் புஸ்தகத்துல இல்ல. எழுதுனவருக்கு அது ஒரு தனி வேலையின்னே தோணலயாட்ட இருக்குது. எனக்கும் தோணல, அறுவத்தோரு வருசமா.

மாசில ஒரு நாள் காலைல சவரம் பண்ணக் கண்ணாடி முன்னால நின்னேன், உள்ள யாரோ ஒரு பெருசு சோப்பு நொரையோட நின்னுட்டிருந்துச்சு. பயந்து போயி பின்னால திரும்பிப் பாத்தேன், யாருமில்ல. மறுபடி கண்ணாடியப் பாத்தேன், அந்த ஆளும் அப்பத்தான் திரும்பி வந்தான். என்ற கையில இருக்கற சவரக் கத்தி அவன் கையிலயும் இருந்ததப் பாத்துத்தான் ஓகோ, நீயான்னு புரிஞ்சுது. கண்ணு இருக்குது, மூக்கு இருக்குது, வாயி இருக்குது, ஒண்ணொண்ணாப் பாத்தா எல்லாம் சரியா இருக்குது, எல்லாத்தையும் சேத்துப் பாத்தா ஒண்ணும் சேரல. நான் வேல பாத்த மில்லுல, நூல் நூக்கற ரிங் பிரேம்ல சில நேரம் அப்படி ஆகும், கதிரு பாட்டுக்கு ஜோராச் சுத்தும், நூலு எங்கயோ அறுந்து போயிருக்கும், சுத்தறது மட்டும்தான் மிச்சம், கண்டுல ஒண்ணும் ஏறாது. ஆஸ்பத்திரில டாக்டரம்மா படத்த வெளிச்சத்துல மாட்டிக் காட்டுச்சு, என்ற பொண்ணு தமயந்தி வயசுதான் இருக்கும், வலதுபக்கம் பின்னாடி அடியில இங்க ஒரு சின்ன எடத்துக்கு ரத்தம் போகாம வாடிப்போச்சுங்கய்யா, ஒரு புளியங்கொட்ட அளவுதான், நல்லவேள கை கால் போகலன்னுச்சு. நல்லவேளதான். கை கால் நல்லா இருக்குது, பேச்சு நல்லா இருக்குது, பேப்பர் படிக்கறேன், யூனியன்ல யாரு எந்த வருசம் கட்சி மாறுனான்னு தேதியோட சொல்லுவேன், யாருகிட்டச் சொல்லிட்டிருக்கறேங்கறதுதான் தெரியாது. எம்பது கிலோ ஒடம்புல ஒரு புளியங்கொட்ட. கொழம்புல போட்டாக்கூட எடுத்து எறியறதுதான அது. நானும் தந்திரம் கத்துக்கிட்டேன். பால்காரன் சைக்கிள் மணி. பக்கத்து வீட்டு பேபியக்கா கொலுசுச் சத்தம், அவங்க வீட்டுக்காரரு இருமலு. முக்குக் கடைக்காரரு எப்பவும் ஒரே கருநீலச் சட்ட, கடவுள் அவர நல்லா வெக்கோணும். ஒரு நாள் அவரு கல்யாணத்துக்குப் போறேன்னு வெள்ளச் சட்டையில நின்னாரு, முதலாளி எங்கீங்கன்னு அவருகிட்டயே கேட்டேன், சிரிச்சுட்டாரு, நானும் சிரிச்சுட்டேன், வீட்டுக்கு வந்து கதவச் சாத்திட்டு ரொம்ப நேரம் இருட்டுல உக்காந்திருந்தேன். டிவில நாடகம் பாக்கறத விட்டாச்சு. அழுகறவளும் அழுக வெக்கறவளும் ஒரே ஆளாத் தெரியறா, யாருக்குன்னு பரிதாபப்படறது. கெழவனுக்குத் திமிரு வந்துருச்சு, வணக்கம் வெச்சாக்கூடப் பாக்காமப் போறான்னு தெருவுல பேசறாங்க. பேசட்டும். திமிருக்கு ஒரு மரியாதையாச்சும் இருக்குது.

பத்து மணி ஆச்சு. ஒரு கூட்ஸ் போகுது. பெட்டி, பெட்டி, பெட்டி. எல்லாம் ஒரே மாதிரி, அதுக்கு நம்பர் போட்டிருக்கறான், மனுசனுக்கும் போட்டிருக்கலாம். தமயந்தி இன்னிக்கு எப்படி வரும். ஆறு வருசம். எடை போட்டிருக்குமா, முடி வெட்டியிருக்குமா, கண்ணாடி போட்டிருக்குமா. போன்ல நைசாக் கேட்டுப் பாத்தேன், என்ன கலர் துணில வருவே சாமின்னு. எதுக்குப்பான்னுச்சு. சும்மான்னேன். அப்பறம் சொல்லுச்சு, அத அது எழுதி வெச்சுப் படிக்கற மாதிரி சொல்லுச்சு. "பத்து நாப்பது வண்டி. நான் பிளாட்பாரத்துல நிப்பேன். கதவச் சாத்துனது நீங்க, அதனால நீங்கதான் என்ற முன்னால வந்து நின்னு வான்னு சொல்லோணும். தூரத்துல இருந்து கூப்டா வரமாட்டேன். போனு பண்ணி எங்க நிக்கறேன்னு கேக்கற வேலையெல்லாம் வேண்டாம், அமத்தி வெச்சிருவேன். நீங்க வரலீன்னா பதினொண்ணு இருவது வண்டில சேலத்துக்கே திரும்பிருவேன். அதுக்கு மேல நான் வரமாட்டேன்ப்பா." என்ற புள்ளதான். யூனியன்ல கோரிக்க வெக்கறப்ப நான் இப்படித்தான் பேசுவேன், ஓட்ட ஒடச எல்லாத்தையும் மொதல்லயே அடச்சுட்டு. இந்த ஒடம்புக் கோளாறச் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லல. மூணு தடவ வாயத் தொறந்தேன். சொன்னா ஓடி வரும். அய்யோ அப்பாவுக்கு மூளையில என்னமோன்னு வரும், சீக்காளியப் பாக்க ஹார்லிக்ஸ் வாங்கிட்டு வர ஒறம்பர மாதிரி. எனக்கு அப்படி வேண்டாம். அது கோவத்தோட வரட்டும், நான் போயி வான்னு சொல்றேன். அதுதான் நாயம். நாயம் பேசறதுல நாம என்னிக்கும் கொறைஞ்சதில்ல. சாதி ஒழிகன்னு மில்லு கேட் மேடைல மைக்கு புடிச்சு இருவது வருசம் கத்துனவன் நான். தமயந்தி, இவரத்தான் கட்டிக்குவேன்னு மணிமாறனக் கூட்டிட்டு வந்து வாசல்ல நின்னப்ப, என்ற வாயில மொதல்ல வந்தது என்ன, தம்பி நீங்க என்ன ஆளுங்க. அதத்தான் கேட்டேன். கேட்டது நானா, வேற யாராச்சுமான்னு எனக்கே தெரியல, அது பாட்டுக்கு வந்துச்சு, மூச்சு வர மாதிரி. முகுளத்துல இருந்து வந்துச்சோ என்னமோ. அந்தப் பையன் சொன்னான், ஒளிக்காமச் சொன்னான். புள்ள என்னயப் பாத்துச்சு. நான் தெருவே கேக்கற மாதிரி சொன்னேன், இனி சாகற வரைக்கும் உன்ற மூஞ்சியப் பாக்கமாட்டேன். கதவச் சாத்துனேன். சொன்ன சொல்லு தவறாத ஆளு. இப்பப் பாரு, பாக்கோணும்னு நெனச்சாலும் பாக்க முடியாது. இதுல பயம் என்னன்னா, அது எதுக்கால நிக்கும், நான் நேராப் பாத்துட்டு, வேத்தாளுன்னு தாண்டிப் போவேன். அது என்ன நெனைக்கும். அப்பன் சொன்ன சொல்லக் காப்பாத்தறான்னு நெனைக்கும். அவ்வளவுதான், பதினொண்ணு இருவது, முடிஞ்சுது.

கத்திரிப்பூச் சேல எந்திரிச்சுக் கொழாயில பாட்டில் புடிக்கறா. தண்ணி சொட்டுச் சொட்டா வருது. பாட்டில் ரொம்பறதுக்குள்ள வண்டி வந்துரும். தலையத் தூக்கி இந்தப் பக்கம் பாக்கறா. நானும் பாக்கறேன், நெத்தி, பொட்டு, ரெண்டு கண்ணு, சும்மா சாமானாட்ட அங்கங்க இருக்குது. உள்ளங்கை நனஞ்சு போச்சு. வேட்டில தொடச்சேன், மறுபடி நனையுது. இந்தக் கை ஒரு கோமாளி. டாக்டரம்மா ஒரு நாள் வெரல்ல ரெண்டு ஒயர மாட்டி ஒரு சோதன பண்ணுச்சு, வீட்டுல இருக்கற போட்டோவெல்லாம் கொண்டாரச் சொல்லிக் கூடவே வேத்தாளுக போட்டோவும் கலந்து ஒண்ணொண்ணாக் காட்டுச்சு. தெரியல. தெரியல. இதும் தெரியல. அறுவது போட்டோவுக்கும் தெரியலன்னேன், யூனியன் தேர்தல்ல தோத்தவன் மாதிரி உக்காந்திருந்தேன். டாக்டரம்மா கம்ப்யூட்டரத் திருப்பிக் காட்டுச்சு. கோடு ஒண்ணு வாய்க்கா மாதிரி சமமாப் போகுது, ஒரு எடத்துல மட்டும் மேட்டுல ஏறுது, கொஞ்ச தூரம் தள்ளி மறுபடி ஏறுது. ஏறுன எடத்துல என்ன போட்டோன்னா, ஒண்ணு செத்துப்போன என்ற சம்சாரம், இன்னொண்ணு தமயந்தி காலேஜ்ல எடுத்தது. உங்களுக்குத்தான் தெரியலீங்கய்யா, உங்க கைக்குத் தெரியுது, வேர்க்குது பாருங்க, மூஞ்சி பாக்கற வழி ஒண்ணு அடச்சுப்போச்சு, இன்னொரு வழி உள்ளுக்குள்ள ஓடிட்டிருக்குது, எல்லார்த்துக்கும் இப்படி இருக்காதுன்னுச்சு. நல்ல சேதிதான். ஆனா எனக்கு வந்து சேராத தந்தி, ஆபீசுலயே கெடக்குது. அதுக்கப்பறம் தெருவுல போறப்பெல்லாம் கையத் தொட்டுத் தொட்டுப் பாத்தேன். பஸ் கண்டக்டரப் பாத்து வேர்த்துச்சு, கரண்டு பில்லு கட்டற எடத்துல வேர்த்துச்சு, ஒரு எருமைக்குக்கூட வேர்த்துச்சு, அது கொம்பத் தாழ்த்திட்டு வந்துச்சு, அது வேற. பயந்தவனுக்கு எல்லார்த்துக்கும் வேர்க்கும். அதனால இந்தச் சாட்சிய நான் சேத்திக்கறதில்ல. இப்பவும் பாரு, வண்டி வர நாப்பது நிமிசம் இருக்கறப்பவே கொழாய்ல தண்ணி புடிக்கறவளப் பாத்து வேர்க்குது. பத்து நாப்பது வண்டில வரவ பத்து மணிக்கே இங்க உக்காந்திருக்க முடியாது. இது கணக்கு. பெருமூளை சொல்றது. கை சொல்றத யாரு கேக்கறது. அவ பாட்டில மூடிட்டுப் பழைய எடத்துல போயி உக்காந்துட்டா. என்னயவே பாக்கறாளோ. வேட்டி சரியாத்தான் கட்டியிருக்கறேன்.

யாரோ ஒருத்தன் நேரா என்னப் பாத்து வரான். வெள்ள வேட்டி, கக்கத்துல கொட. சிரிக்கறான். சிரிக்கறான்னா தெரிஞ்சவன். நானும் எதுக்கும் இருக்கட்டும்னு சிரிச்சு வெச்சேன். "என்னங் நஞ்சண்ணா, பாத்தும் பாக்காத மாதிரி இருக்கறீங்க" அப்படின்னான், சத்தம் பூரா மூக்கு வழியா வருது. குப்புராசு. ஒயிண்டிங் செக்சன். நல்லவேளைக்கு மூக்கு மாறல. மில்லுல முப்பது வருசம் இருந்தவங்க யாரும் மெதுவாப் பேசமாட்டோம், மிசின் சத்தம் நின்னு பத்து வருசம் ஆச்சு, எங்க காதுக்குச் சேதி போகல. அவன் அங்க நின்னு கத்தறான், நான் இங்க உக்காந்து கத்தறேன், ஸ்டேசனே கேக்குது. சக்கரைக்கு மாத்தர சாப்புடறானாம், மருமவ சோத்த அளந்து போடறாளாம். யாரக் கூட்டிட்டுப் போக வந்தீங்க, ஒறம்பரையான்னு கேட்டான். ஆமா என்ற புள்ள வருதுன்னு சொல்லியிருக்கலாம். சொன்னா இவனும் கூட நிப்பான். எந்தப் பெட்டிண்ணா, அதா எறங்குது பாருங்கன்னு இவன் காட்ட, நான் எங்கயோ பாக்க, இவனுக்கு வெளங்கிரும், பொழுதோட ஊருக்கே வெளங்கிரும். "யாரும் வரலப்பா. சித்த காத்து வாங்கலாம்னு வந்தேன்" அப்படின்னேன். அவன் ஒசக்க சூரியனப் பாத்தான், பெஞ்சத் தொட்டுப் பாத்தான். "நல்ல எடம் புடிச்சீங்க போங்க. நான் புள்ள வருதோன்னு நெனச்சேன். அப்பறந்தான் ஞாபகம் வந்துச்சு, நீங்கதான் மூஞ்சியவே பாக்கமாட்டேன்னு சொன்ன ஆளாச்சே." அதெல்லாம் ஒண்ணுமில்ல, வண்டிய விட்டுறாதன்னு தாட்டி விட்டேன். அக்கட்ட டிக்கெட் எடுக்கற பக்கம் போறான். பெத்த புள்ள வரலன்னு பட்டப்பகல்ல சொல்லிப்போட்டேன். யாரு கேட்டா. யாரும் கேக்கல. கத்திரிப்பூச் சேல மட்டும் பையோட வாரப் புடிச்சு முறுக்கிட்டிருக்கறா.

குப்புராசுக்கு மில்லுல அடையாளம் ரெண்டு வெரல்ல மூக்கப் புடிக்கறது. அங்க பேரச் சொல்லிக் கூப்டா எவனுக்கும் கேக்காது, அதனால ஒவ்வொருத்தனுக்கும் ஒரு சைகை. சூப்பர்வைசருன்னா வயித்துக்கு முன்னால கையால ஒரு அரவட்டம். நான்னா வெரல வளச்சுக் கண்ணுகிட்ட ரெண்டு வளையம், கண்ணாடிக்காரன்னு அர்த்தம். சோறுன்னா வெரலக் குவிச்சு வாய்கிட்ட. மொதலாளி வரான்னா சட்டக் காலரத் தொடறது. தூரத்துல ஒருத்தன் நெனச்சத அம்பது மிசின் தாண்டி இன்னொருத்தன் புரிஞ்சுக்குவான், ஒரு சொல்லு இல்லாம. வீட்டுக்கு வந்தாலும் அந்தப் பழக்கம் போகல. தமயந்திக்கு ஏழு வயசுல அவங்கம்மா போயிட்டா, அதுக்கப்பறம் ராத்திரி என்ற காது மடலப் புடிச்சுட்டுத்தான் தூங்கும், விட்டா முழிச்சுக்கும், நான் ஒரே பக்கமாப் படுத்து ஒரு காதே கொஞ்சம் பெருசாப் போச்சு. அதனால அதுக்குச் சைகை காது மடலு. பள்ளிக்கூடம் விடறப்ப ரோட்டுக்கு அக்கட்ட சைக்கிளோட நிப்பேன். நானூறு புள்ளைக ஒரே பச்சப் பாவாடையில ஓடி வரும். அப்ப மூளை நல்லாத்தான் இருந்துச்சு, இருந்தாலும் நான் தேடுனதே இல்ல. நின்ன எடத்துல நின்னு காதப் புடிப்பேன், அது பாட்டுக்குக் கூட்டத்துல இருந்து ஒண்ணு பிரிஞ்சு வந்துரும், வந்து சைக்கிள் கம்பில ஏறிக்கும். அதையும் ஒரு நாள் நிறுத்தச் சொல்லிருச்சு, எட்டாவது படிக்கறப்ப. எல்லாரும் சிரிக்கறாங்கப்பா, கொரங்குக்குச் சொல்லிக்குடுத்த மாதிரி இருக்குதாமாம்னு. சரின்னுட்டேன். அன்னைலருந்து ரோட்டத் தாண்டிப் போயி கேட்டுகிட்ட நின்னேன். எதுக்கு இதெல்லாம் இப்ப. மணி பத்து முப்பத்தெட்டு. கொய்யாப்பழக்காரி கூடையத் தூக்கறா, அப்ப வண்டி பக்கத்துல வந்துருச்சு. நெஞ்சு அடிக்குது. முகுளம் கொஞ்சம் அதிகமா வேல பாக்குது, ஓவர்டைம்.

வந்துருச்சு. நின்னுச்சு. ஒரேயடியா எறங்கறாங்க. ஆம்பளைகள விடு. காலேஜ் புள்ளைக ஏழெட்டு, விடு. புர்க்கா போட்டவங்க ரெண்டு, விடு. பொடவ, சுடிதாரு, பொடவ, பொடவ. முப்பத்திரண்டு வயசுக்கு மூஞ்சி எப்படி இருக்கும், எல்லார்த்துக்கும் அப்படியேதான் இருக்குது. நடையப் பாரு. தமயந்தி குதிகாலு தரையில படாம நடக்கும். இங்க எல்லாரும் வேகமாத்தான் நடக்கறாங்க, வெயிலு சுடுது, எவளுக்குக் குதிகாலு பட்டுச்சு. என்னயத் தாண்டிப் போறாங்க, ஒண்ணு, ரெண்டு, ஒவ்வொருத்தரும் சித்த என்னயப் பாக்கறாங்க, ஏன்னா நான் அவங்களப் பாக்கறேன். யாரும் நிக்கல. நிக்கறவதான் என்ற புள்ள. அதா ஒருத்தி நிக்கறா, கடைசிப் பெட்டிகிட்ட, மஞ்சச் சுடிதாரு, கால்கிட்டச் சூட்கேசு, யாரையோ எதிர்பாத்து நிக்கறா. போயிட்டேன், ஓடலன்னுதான் நெனைக்கறேன், ஓடியிருப்பேன். முன்னால போயி நின்னேன். ஒத்திக பாத்த மாதிரியே சொன்னேன், கண்ணு, வா சாமி, வீட்டுக்குப் போலாம். அந்தப் பொண்ணு ஒரு எட்டு பின்னால வெச்சு, மலையாளத்துல என்னமோ கேட்டுச்சு. அப்பறம் ஒருத்தன் ஓடி வந்து சூட்கேசத் தூக்கிட்டு என்னயப் பாத்தான், அவனையும் நான் நெனவு வெச்சுக்கப் போறதில்ல, தப்பிச்சான். வண்டி போயிருச்சு. பிளாட்பாரம் காலி. கொய்யாப்பழக்காரி, போர்ட்டரு, நாயி, கொழாய்ப் பெஞ்சுல அந்தப் பொம்பள, அக்கட்டப் படிக்கட்டுகிட்ட மூணு பொம்பளைக, கேட்டுகிட்ட ரெண்டு. நேரந்தான் போகுது. போனு போட்டேன். அமத்தி வெச்சிருக்குதாம். சொன்ன சொல்லு தவறாத வம்சம். வரவே இல்லையோ. வந்து நின்னு, நான் தாண்டிப் போனதப் பாத்து, வெளிய போயி நிக்குதோ. பேரச் சொல்லிக் கத்திரலாம். தூரத்துல இருந்து கூப்டா வராது, வராட்டிப் போகுது, திரும்பியாச்சும் பாக்கும். வாயத் தொறந்தேன். த. ஆறு வருசமாச் சொல்லாத பேரு. தொண்டைக்கு உத்தரவு போகல. எங்கயோ நூலு அறுந்து கெடக்குது, கதிரு சுத்துது, சத்தம் வரல. நட்ட நடு பிளாட்பாரத்துல வாயத் தொறந்துட்டு நிக்கறேன். அப்ப இந்தக் கை, நான் சொல்லல, இது பாட்டுக்கு ஒசக்கப் போச்சு. ஒசக்கப் போயி காது மடலப் புடிச்சுது. புடிச்சுட்டே நின்னேன். மில்லுல இருக்கற மாதிரி மெதுவா ஒரு சுத்துச் சுத்துனேன், எந்த வரிசைல யாரு இருக்கறாங்களோ தெரியாதே. படிக்கட்டுப் பொம்பளைக சிரிக்கறாங்க. போர்ட்டரு பாக்கறான். பைத்தியம்னு நெனைக்கறான், முழுசாத் தப்புன்னும் சொல்ல முடியாது. கேட்டு, கூரை, தூணு, கொழாயி.

கொழாய்ப் பெஞ்சுல கத்திரிப்பூச் சேல எந்திரிச்சு நின்னுட்டிருந்தா. பையி தோள்ல இருந்துச்சு. அவ கை காது மடல்ல இருந்துச்சு.

இருவது எட்டு தூரம் இருக்கும். சிறுமூளைக்குப் புண்ணியம், விழாமப் போயிச் சேந்தேன். முன்னால நின்னேன். கண்ணு, மூக்கு, வாயி. ஒண்ணும் சேரல. ஒண்ணுமே சேரல. வா சாமின்னேன், வீட்டுக்குப் போலாம்னேன், ரெண்டாந்தடவ சொன்னதுல அதுல கொஞ்சம் சத்து போயிருச்சு. அது பேசுச்சு. பேசுனதும் தெரிஞ்சுது, கொரலு வேற வழியா உள்ள வருது, அந்த வழில அறுப்பு இல்ல.

"ஒம்போதே காலு வண்டிலயே வந்துட்டேன். நீங்க வரீங்களா இல்லையான்னு பாக்கறதுக்கு. ரெண்டு தடவ என்ற மூஞ்சிய நேராப் பாத்தீங்க. பாத்துட்டுத் திரும்பிட்டீங்க. கொட வெச்சிருந்தவரு கேட்டதுக்கு, யாரும் வரல, காத்து வாங்க வந்தேன்னீங்க. சரி, அப்பா சொன்ன சொல்லுல நிக்கறாருன்னு போயி டிக்கெட் எடுக்கலாம்னு இருந்தேன்." மஞ்சச் சுடிதாரு நின்ன பக்கம் கையக் காட்டுச்சு. "அப்பறம் அந்தப் பொண்ணுகிட்டப் போயி வா சாமின்னீங்க பாருங்க. உங்களுக்குக் கண்ணு தெரியறதில்லையாப்பா?"

"கண்ணு நல்லாத் தெரியுது. மூஞ்சிதான் தெரியறதில்ல."

சொன்னேன். நின்ன வாக்குலயே எல்லாத்தையும் சொன்னேன், சோப்பு நொர, புளியங்கொட்ட, கருநீலச் சட்ட. எல்லார்த்து மூஞ்சியும் அப்படியான்னுச்சு. எல்லார்த்துதும், கண்ணாடில தெரியற என்ற மூஞ்சியும்னேன். அப்ப என்ற மூஞ்சியுமான்னு அது கேக்க வந்துச்சு, கேக்கல. எப்ப இருந்து. மாசில இருந்து. வெரல மடக்கி எண்ணுச்சு, எண்ணி முடிச்சு, கொழாய்ப் பக்கம் திரும்பிக்குச்சு. தண்ணி இப்பவும் சொட்டுச் சொட்டாத்தான் வருது. அழுதுச்சான்னு எனக்குத் தெரியாது, மூஞ்சில அது எந்த எடத்துல பாக்கறதுன்னு மறந்து போச்சு, மூக்க உறிஞ்சுன சத்தம் கேட்டுச்சு. மணிமாறன் வரலையான்னு கேட்டேன். மொதல்ல நான் போறேன், கூப்ட்டாருன்னா நீங்க வாங்கன்னு சொல்லியிருக்கறேன்னுச்சு. வரச்சொல்லு, அவரையும் நானே வந்து கூப்புடறேன், அவரு எப்படி இருப்பாருன்னு மட்டும் நீ பக்கத்துல நின்னு சொல்லிரோணும்னேன். அதுக்குச் சிரிச்சுதாட்ட இருந்துச்சு, இல்ல இருமலோ.

"நான்தான்னு உங்களுக்குத் தெரியவே இல்லையா? முக்கா மணி நேரம், இவ்வளவு பக்கத்துல உக்காந்திருந்தேன்."

உள்ளங்கைய விரிச்சுக் காட்டுனேன். நனஞ்சு மினுமினுன்னு இருந்துச்சு. "இதுக்கு அப்பவே தெரிஞ்சிருச்சு. நான்தான் நம்பல."

அது குனிஞ்சு பாத்துச்சு. முந்தானையில என்ற கையத் தொடச்சு விட்டுச்சு. மறுபடி நனஞ்சுது. மறுபடி தொடச்சுது. அப்பறம் ரெண்டு பேரும் கேட்டப் பாத்து நடந்தோம், அது ஒரு எட்டு முன்னால, குதிகாலு தரையில நல்லாவே படுது, ஆறு வருசத்துல நட மாறியிருக்குது. நான் அந்தக் கத்திரிப்பூக் கலரக் கண்ணால இறுக்கிப் புடிச்சுட்டே போறேன், கரையில ரெண்டு கோடு, முதுகுப்பக்கம் ஒரு மடிப்பு, எல்லாத்தையும் மனப்பாடம் பண்றேன், பரிச்சைக்குப் போறவனாட்ட. மூணு நாளு இருப்பேன்னு சொல்லுது. நாளைக்குக் காலைல சமையக்கட்டுல யாரோ ஒருத்தி காப்பி ஆத்திட்டு நிப்பா, பேசற வரைக்கும் அவ யாரோதான். அத நான் வாயில சொல்லல. சொல்லலன்னுதான் நெனைக்கறேன். ஆட்டோகிட்ட வந்ததும் அது பைய மடியில வெச்சு, ஜிப்பத் தொறந்து ஒரு தடவ உள்ள பாத்துட்டு மறுபடி மூடுச்சு.

"இன்னும் ரெண்டு சேல கொண்டாந்திருக்கறேன். அத வெளிய எடுக்கமாட்டேன். இருக்கற மூணு நாளைக்கும் இதையே தொவச்சுக் கட்டிக்கறேன், ஏறுங்கப்பா."